எடைமேடையிலிருந்து ஒரு குரல்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நாற்காலியில் உட்காரப் போனபோது, "ஏளா, கொஞ்சம் இரு. அதுல எடது பின்னங்காலு ஆடும். வலது பக்கமா சாஞ்சு உக்காரு" என்றார் அண்ணாச்சி. பெண்பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் ஏளா என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்ததும், "அந்த சுவிச்ச ஈரக்கையோட தொட்டுராத" என்றார். தண்ணீர் குடிக்க எழுந்தேன். "கொடத்துக்குப் பின்னால பல்லி நிக்கும், பாத்து எடு." ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சின்ன அறையில் என்னென்ன ஆபத்து இருக்கிறதென்று எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. இப்படி ஒரு ஆளோடு பகல் முழுக்க எப்படி உட்காரப் போகிறோம் என்று மலைப்பாக இருந்தது. ஐந்து வருஷம் உட்கார்ந்தேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது அந்த எடைமேடை. உப்பு லாரி, உர மூட்டை லாரி, கரி லாரி என்று வந்து ஏறி நிற்கும். வெறும் வண்டியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. அவர் ஜன்னல் வழியாகக் கை காட்டி வண்டியைச் சரியாக நிறுத்த வைப்பார். நான் கம்ப்யூட்டரில் எடையைப் பதிந்து சீட்டு எடுத்துக் கொடுப்பேன். இருவருக்கும் அதுதான் வேலை. வருகிற போகிற எல்லோருக்கும் அவர் எடைமேடை அண்ணாச்சி. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெயரும் முகமும் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஒல்லியான ஆள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். மழை இல்லாத மாதத்திலும் சைக்கிளில் குடை தொங்கும். எடைக்கு நிற்கும் வண்டியை அவர் சும்மா அனுப்பியதே கிடையாது. "தார்ப்பாய் பின்னால அவுந்து கெடக்கு, கெட்டிட்டுப் போ." "முன் டயர்ல காத்து கொறவு." "அங்கன வளைவுல ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான், மெள்ளப் போ." மெள்ளப் போகச் சொல்ல, வடக்கத்தி டிரைவர்களுக்காக 'தீரே, தீரே' என்று ஒரு இந்தி வார்த்தையைக் கற்று வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள்.

பேச்சை முடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். "சூதானமா இருங்க." போனை வைக்கும்போதும் அதுதான், கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அதுதான்.

அவருடைய மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். வீடு பக்கத்தில்தான். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை மைனியே கொண்டுவந்து தருவாள். ஒருநாள், "ஒங்க அண்ணாச்சி தெருவுல கல்ல எல்லாம் பொறுக்கிட்டு வாராவ ஏளா. யாராச்சும் தடுக்கி விழுந்துருவாவளாம்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "விழுந்தா நீ தூக்குவியா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய மழை பெய்த ஒரு வருஷம், ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் ஓடைப்பாலம் ஒன்றில் மண் சரிந்துவிட்டதாக யாரோ ஒரு டிரைவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு லாரியாகக் கை காட்டி மறித்து நிறுத்தி, சுற்றிப் போகச் சொன்னார். சில பேர் ஏசினார்கள். இரண்டு மணி நேரம் நின்றார். சாயங்காலம் அந்தப் பாலம் முழுசாகவே போய்விட்டது என்று செய்தி வந்தது. அடுத்த வாரம் ஒரு டிரைவர் ஒரு கட்டு பனங்கிழங்கோடு வந்து, மேசைமேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று முதல் அந்த ரோட்டில் அண்ணாச்சி ஒன்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கிய?" என்று ஒரு தடவை கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. சாத்தான்குளம் பக்கத்துல அப்ப எங்க வீடு. ஒருநாள் காலைல மாவாட்டுற கிரைண்டர்ல கை பட்டுச்சு, சுருக்குன்னுச்சு. கரண்டு கசியுதுன்னு அவகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். பஸ்ஸு வந்துட்டு. வந்து சொல்லிக்கிடலாம்னு ஓடிட்டேன்."

மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். பிறகு அவரே, "சாயங்காலம் நான் வரும்போது அவ இல்ல. இருவது வயசு ஏளா" என்றார்.

மெட்ராஸில் வேலையிலிருந்த மகன் அவருக்கு ஒரு தொடுதிரை போன் வாங்கி அனுப்பினான். பெட்டியைப் பிரிக்காமல் நாலு நாள் வைத்திருந்தார். வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான்தான் எடுத்துப் பழக்கிக் கொடுத்தேன். பெயரைச் சேமிக்க, படம் பார்க்க, குரலைப் பதிந்து அனுப்ப எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு செய்தியை விரலால் அழுத்திப் பிடித்தால் அது வேறு ஆட்களுக்கும் போகும் என்று காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஒரே நேரத்துல அஞ்சு எடத்துக்குமா?"

"ஆமா அண்ணாச்சி. ஒவ்வொரு எடத்துலயும் நூறு, எரநூறு பேரு இருப்பாவ."

"இது அன்னைக்கு இருந்திருந்தா நான் மழையில நின்னுருக்க வேண்டாமே" என்றார்.

லாரி டிரைவர்கள் குரூப், தெருக்காரர்கள் குரூப், சொந்தக்காரர்கள் குரூப், கோயில் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று ஐந்தில் சேர்ந்தார். மற்றவர்களைப் போல ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அவர் அனுப்பியதில்லை. எல்லாம் எச்சரிக்கைதான். மின்னலடிக்கும்போது போன் பேசாதே. இந்தக் காயோடு அந்தப் பழத்தைச் சேர்த்துச் சாப்பிடாதே. அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள். இன்ன நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதே, தலையில் ரத்தம் கட்டும்.

"அண்ணாச்சி, இது பொய்யி. போன் எடுத்தா யாருக்காச்சும் ரத்தம் கட்டுமா?" என்றேன்.

"பொய்யா இருந்தா யாருக்கு என்ன நட்டம்? நாலு பேரு ரெண்டு நாளு போன் எடுக்க மாட்டான், அவ்வளவுதான். நெசமா இருந்தா?"

யாருக்கு நட்டம் என்பதற்குப் பதில் பிற்பாடு தெரிந்தது.

ஒரு வெயில் காலம். பள்ளிக்கூட லீவு. காலை பதினொரு மணி இருக்கும். டிரைவர்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, நரைத்த தாடி, தோளில் பெரிய பொதி. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். யாரோ அவருக்குத் தெரியாமல் எடுத்த படம். கீழே, கடற்கரை ரோட்டில் பிள்ளை பிடிக்கும் கும்பல் திரிகிறது, இவன்தான் அதில் ஒருத்தன் என்று எழுதியிருந்தது. எந்த ஊரில் எந்தப் பிள்ளை காணாமல் போனது என்று ஒரு எழுத்தும் இல்லை.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "லீவு நேரம் ஏளா. பிள்ளைக பூரா ரோட்டுலதான் கெடக்கும்." போனை வாய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே அழுத்திப் பிடித்துப் பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. நான் எடைமேடைலருந்து பேசுதேன். கடக்கர ரோட்டுல பிள்ள பிடிக்க ஆளு நடமாடுதான். படத்துல இருக்க ஆள நல்லா பாத்துக்கிடுங்க. பிள்ளைகளத் தனியா வெளிய விடாதிங்க. சூதானமா இருங்க."

படத்தையும் குரலையும் சேர்த்து ஐந்து குரூப்புக்கும் அனுப்பினார். எனக்கும் வந்தது. வேம்பாரில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு நாலு வயசில் ஒரு பெண் குழந்தை.

"அக்காவுக்கும் அனுப்புதேன் அண்ணாச்சி. அவ வீடு ரோட்டு மேலேயே இருக்கு."

"அனுப்பு, அனுப்பு. மொதல்ல அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். பிறகு ஒரு உப்பு லாரி வந்தது. எடை போட்டோம்.

படத்தில் இருந்த அந்த மனிதர் பீகார்க்காரர். போர்வை வியாபாரி. பொதியில் இருந்தது போர்வைகள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நம் பக்கத்து ஊர்களில் கால்நடையாகவே விற்றுக்கொண்டிருந்தவர். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பத்துக்குள் போயிருக்கிறார். வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை வீட்டுக்குள் ஓடிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கொடுத்தவளிடம் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டியிருக்கிறார். அதைப் பார்த்த ஒருத்தன் தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, நரைத்த தாடி, பொதி. எல்லாம் சரியாக இருந்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் வந்தது வீடியோ.

மறுநாள் காலையில் ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகப் போனை நீட்டி, "அண்ணாச்சி, நீங்க சொன்ன ஆளப் பிடிச்சிட்டாவ" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கீழே கிடந்தவரைச் சுற்றிக் கால்கள்தான் தெரிந்தன. ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் யாரோ ஒருத்தன் போனை உயர்த்திப் பிடித்துச் சத்தமாக ஒன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தத்தக் கூட்டு" என்றார் அண்ணாச்சி.

டிரைவர் கூட்டினான். நான் எடைமேடைலருந்து பேசுதேன் என்றது அந்தப் போன். ஆள நல்லா பாத்துக்கிடுங்க என்றது. அது முடிந்ததும் அவன் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டான். கீழே கிடந்தவர் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

அண்ணாச்சி போனைத் திருப்பிக் கொடுத்தார். சுவரோரமாக இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று முழுக்க ஜன்னல் பக்கம் வரவில்லை. வண்டிகளுக்கு நானே கை காட்டினேன். மத்தியானம் மைனி கொண்டுவந்த தூக்கைத் திறக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது கேட்டார்: "ஏளா, அந்த ஆளு பிள்ள பிடிக்கவன்தானே?" கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் முகத்தில் அது இருந்தது.

வீட்டுக்குப் போனதும் நான் முதலில் செய்தது, அக்காவுக்கு அனுப்பியதை என் போனிலிருந்து அழித்ததுதான்.

போலீஸ் அந்தக் குப்பத்தில் நாலு பேரைப் பிடித்தது. அடிபட்டவர் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் இருந்தார். இடது கண் போய்விட்டது. இடது கையில் இரண்டு இடத்தில் முறிவு. மூன்றாம் நாள் ஏட்டு ஒருத்தர் எடைமேடைக்கு வந்து, அண்ணாச்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "நீயும் இங்கதான வேல பாக்க? ஒனக்கும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார்" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் வாரேன், வாங்க" என்று அண்ணாச்சி சைக்கிளை எடுத்தார்.

ஸ்டேஷனில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, வாக்குமூலம் எழுதிக்கொண்டு, கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தெருவில் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடதானே சொன்னிய, நீங்களா போய் அடிச்சிய, என்றார்கள். அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். என்னிடம் ஒருநாள் சொன்னார்: "பிடிபட்டவங்கள்ல ஒருத்தனுக்கு ரெண்டு பிள்ளைக. அவன் பிள்ளைக்காகத்தான் பயந்தான். பயத்தக் குடுத்தது நான். அவன் உள்ள கெடக்கான், நான் இங்கன காத்தாடிக்குக் கீழ உக்காந்திருக்கேன்."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் காணாமல் போக ஆரம்பித்தார். ஸ்டேஷனுக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மைனி வந்து, "பாலக் காச்சி பிளாஸ்க்ல ஊத்தித் தரச் சொல்லுதாவ. எங்கன கொண்டு போறாவன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டக்காவ. நீ கொஞ்சம் பாரு ஏளா" என்றாள்.

எனக்குச் சந்தேகம் ஒரே இடத்தில்தான் இருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் நர்சம்மாவிடம், பீகார்க்காரரைப் பார்க்க ஒருத்தர் வருவாரா, ஒல்லியாக, குடையோடு, என்று விசாரித்தேன்.

"ஊமை அண்ணாச்சியா? உள்ளதான் இருக்காவ. நீங்க அவங்க மகளா?" என்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் பாதி முகம் கட்டுப் போட்டபடி அந்த மனிதர் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அண்ணாச்சி. பாலில் பன்னை நனைத்து நனைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஏதோ சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். டம்ளர் சரியப் போனது. அண்ணாச்சியின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. சத்தமில்லாமல் கையை நீட்டி டம்ளரைப் பிடித்தார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். மாடிப்படிக்கு அந்தப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பேசுனா கண்டுபிடிச்சிருவாரு ஏளா. அடிக்கும்போது அந்தக் கொரலு அவரு காதுப் பக்கத்துல ஓடிக்கிட்டே இருந்திருக்கு. எத்தன தடவ ஓடுச்சோ. மொத நாளு மன்னிப்பு கேக்கணும்னுதான் போனேன். அவரு முகத்தப் பாத்ததும் பேச்சு வரல. யாரு நீங்கன்னு கேட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டேன். ஊமன்னு நெனச்சிக்கிட்டாரு. அது அப்படியே நின்னு போச்சு."

"எத்தன நாளு அண்ணாச்சி இப்படி?"

"தெரியல."

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். அந்த மனிதருக்குத் தமிழ் ஓரளவு வரும். வீடு வீடாகப் போர்வை விற்றுப் பழகிய தமிழ். "அண்ணாச்சி ரொம்ப நல்லவரு. பேச முடியாது, ஆனா தினமும் வர்றாரு. நம்ம ஊர்க்காரங்க கூட வரலை" என்பார். அடித்தவர்களைப் பற்றி ஒருநாள் அவராகவே பேசினார். "அவங்க பயந்துட்டாங்க. எனக்கும் வீட்ல பொண்ணு இருக்கு. ஆனா கேட்டிருக்கலாம். பேரு என்ன, எந்த ஊரு, ஒரு தடவை கேட்டிருக்கலாம்." நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அவருடைய போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

பீகார்க்காரரைக் கூட்டிப் போக ஊரிலிருந்து அவர் தம்பி வந்தான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். தம்பி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் இவர். ஒரு கை மாவுக்கட்டில், ஒரு கண்ணில்தான் பார்வை. அண்ணாச்சி இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார். வராந்தா முடிகிற இடத்தில் மூன்று படி. அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். இடது பக்கம் பார்வை இல்லாததால் அவருக்குப் படி தெரியவில்லை. காலை வெறுமையில் வைக்கப் போனார்.

"பாத்து, படி இருக்கு, சூதானமா..."

அவர் கால் அந்தரத்தில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு உடம்பு முழுவதையும் திருப்பி, ஒற்றைக் கண்ணால் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நீங்க பேசுவீங்களா?"

அண்ணாச்சி ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இன்னொரு தடவை பேசுங்க" என்றார்.

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கையை இறக்கிவிட்டு, "நான்தான். அந்தப் போன்ல பேசுனது நான்தான்" என்றார்.

தம்பிக்குத் தமிழ் தெரியாது. கீழே நின்று அண்ணனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். என்னவோ கேட்டான். அந்த மனிதர் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளங்காத ஒன்றைப் பார்ப்பது போல இருந்தது.

"நீங்க என்னைப் பாத்ததே இல்லையே" என்றார்.

"இல்ல."

"நான் யாருன்னு தெரியாதே."

"தெரியாது."

அண்ணாச்சி அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையைக் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். தம்பி தோளைக் கொடுத்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. பால் பிளாஸ்க் அண்ணாச்சி கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. கை காட்டி வண்டியை நிறுத்துவார். எடை முடிந்ததும் கையை அசைத்து அனுப்புவார். ஒருநாள் ஒரு லாரியில் மூட்டை கட்டிய கயிறு தளர்ந்து தொங்கிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ஓடிப் போய் வண்டியை மறித்துச் சொன்னேன். திரும்பி வந்து, "பாத்தியள்லா, ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"என் வாயிலருந்து வந்தா அது எதுல போய் முடியுமோ" என்றார்.

எனக்குக் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வந்திருந்தார். பரிசைக் கையில் கொடுத்தார். முன்பென்றால் பந்தலில் எந்தக் கம்பு ஆடுகிறது, எந்த வயர் தொங்குகிறது என்று அரை மணி நேரம் பேசியிருப்பார். வாய் திறக்காமல் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

போன வருஷம், பழைய தெருக்காரர்கள் குரூப்பில் அவருடைய படம் வந்தது. மாலை போட்ட படம். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் அதை நம்பவில்லை. மைனிக்குப் போன் போட்டேன்.

"நெசமா மைனி?"

"நெசந்தான் ஏளா. முந்தாநாளு காலைல."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பிறகு, இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததை அவளிடம் சொன்னேன். அந்தப் படத்தையும் குரலையும் வேம்பாருக்கு அனுப்பியது நான்தான் என்றேன். அக்காவின் வீட்டுக்காரர் அதை அந்தக் குப்பத்து ஆட்களுக்கு அனுப்பியிருக்கலாம், நான் அக்காவிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கேட்கப் பயம் என்றேன்.

"ஒன் போன்லருந்துதான் அங்க போச்சுன்னு ஒங்க அண்ணாச்சிக்குத் தெரியும்" என்றாள் மைனி.

"எப்படித் தெரியும்?"

"ஸ்டேசன்ல கேட்டாவளாம், ஒம்ம அஞ்சு குரூப்புலயும் அந்த ஊர்க்காரன் ஒருத்தனும் இல்ல, அங்க எப்படிப் போச்சுன்னு. ஒரு டிரைவர்கிட்ட குடுத்து நான்தான் அனுப்பச் சொன்னேன், அவன் யாருன்னு ஞாபகமில்லன்னு சொல்லிட்டாவ. அதுக்கு ரெண்டு அடி கூட வாங்குனாவ. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாவ, கல்யாணத்துக்கு நிக்க பிள்ள, அது பேரு இதுல வரக்கூடாதுன்னு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாவ. இப்ப அவியளே இல்ல."

என் மகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏளா, லைன்ல இருக்கியா?" என்று மைனி இரண்டு தடவை கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.